டிராயரில் இரண்டு பாஸ்போர்ட்

சவுதியில், ஜுபைலில் இருந்தபோது என் பாஸ்போர்ட்டின் எண் எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் போய் இறங்கிய வாரமே என் கணவரின் கம்பெனி ஆபீசில் அதை வாங்கிவைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு இக்காமா, அதாவது அங்கே தங்கியிருப்பதற்கான அட்டை. லீவுக்குக் கிளம்பினால் அட்டையைக் கொடுத்து பாஸ்போர்ட்டை வாங்க வேண்டும். திரும்பியதும் பாஸ்போர்ட்டைக் கொடுத்து அட்டையை வாங்க வேண்டும். இரண்டும் ஒரே சமயம் கையில் இருக்காது. இரண்டு வருஷத்தில் எனக்கே இது பழகிவிட்டது. பத்து வருஷம் பிளான்ட்டில் டெக்னீஷியனாக ஓட்டியவருக்குக் கேட்கவே வேண்டாம்.

அந்த லீவில் ஊருக்குப் போகாமல் சீனா போகலாம் என்று அடம்பிடித்தவள் நான்தான். வரலாறு படித்தவள். காஞ்சிபுரம் வரைக்கும் வந்துபோனதாகச் சொல்லப்படும் சீனத் துறவி கொண்டுசென்ற ஏடுகளுக்காகக் கட்டிய கோபுரம் சியான் நகரில் இன்னும் நிற்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துபாயிலிருந்து கிளம்பும் ஒரு குழுவில் சேர்ந்தோம். கைடோடு சியான், லோயாங், பெய்ஜிங். பயணம் முடிந்து மூன்றாம் நாளோடு எங்கள் ரீ-என்ட்ரி விசா முடிகிறது. அது ஒட்டியிருப்பது பாஸ்போர்ட்டில். தேதி தாண்டினால் சவுதிக்குள் விட மாட்டார்கள். இவர் வேலையும் அதோடு சரி.

சியான் ஹோட்டலில் மஞ்சள் கொடி பிடித்த கைடு பெண் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பதிவுக்கென்று வாங்கினாள். நாங்களும் கொடுத்தோம். இரண்டு நாள் கோபுரம், சுடுமண் வீரர் சிலைகள், கோட்டைச் சுவர் என்று பறந்தேன். மூன்றாம் நாள் காலை முன் ஸீட் பிடிக்கிற அவசரத்தில் பஸ்ஸுக்கு ஓடினேன். பெட்டிகளோடு பின்னால் வந்தவரிடம் கேட்டேன்.

"கவுன்ட்டர்ல என்னங்க கூட்டம்?"

"பாஸ்போர்ட்டு குடுக்காவ போல."

"நாம வாங்க வேண்டாமா?"

"வாங்கி எங்க வைக்கப் போற? அவ கையிலயே கெடக்கட்டும். கடைசில ஏர்ப்போர்ட்டுல தருவாவ."

சரிதானே என்று நானும் ஜன்னலைத் திறந்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கம்பெனியும் ஊருக்குக் கிளம்பும்போதுதானே தரும்?

லோயாங்கில் வேறொரு கைடு, வயதானவர். ஹோட்டல் வாசலிலேயே பாஸ்போர்ட் கேட்டார். ஒவ்வொருவரும் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் கைடிடம் ஆங்கிலத்தில், "அந்தப் பெண் உங்களிடம் கொடுக்கவில்லையா?" என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

குழுவில் எங்களைத் தவிர ஒரே தமிழர், துபாயில் தேரா பகுதியில் கடை வைத்திருந்த அண்ணாச்சி. "ஏம்மா, சவுதிக்காரங்க பாஸ்போர்ட்டக் குடுத்தா மறந்துருவீங்களோ? பொண்டாட்டியவாவது ஞாபகமா கூட்டிட்டு வந்தாரே!" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

கைடு சியானுக்கு போன் போட்டுப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில், ஹோட்டல் டிராயரில் இரண்டு கிடைத்ததாகச் சொன்னார். மறுநாள் மதிய ரயிலில் கண்டக்டர் கையில் வரும். மாலையில் எங்கள் குழுவுக்கு பெய்ஜிங் ரயில். சியானிலிருந்து பேக்ஸில் நகல் வந்த பிறகுதான் ஹோட்டலில் அறைச் சாவியே கொடுத்தார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் லோங்மென் குகைகளுக்குக் கிளம்பினார்கள். மலை முழுக்கக் குடைந்த புத்தர்கள். அதன் படம் ஜுபைலில் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு வருஷமாக ஒட்டியிருந்தது.

"நீ போய்ட்டு வாட்டி. நான் ஸ்டேஷன்ல நிக்கேன்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், நடைபாதையில் வெறும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நிற்கிறார். இறங்கிவிட்டேன்.

"யல்லா, வண்டிய எடுங்க. இதுக வராதுக" என்று அண்ணாச்சி குரல் கேட்டது.

ரயில் நிலையத்தில் எங்களுக்குப் புரிந்தது கடிகாரம் மட்டும்தான். ஒவ்வோர் அறிவிப்புக்கும் இவர் எழுந்து நின்றார்.

"வராமப் போனா?" என்றேன்.

"எம்பஸி இருக்குல்லா."

"எம்பஸில புது பாஸ்போர்ட் தருவாங்க. விசா?"

மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன் குகையும் போச்சு" என்றார்.

"குகை எங்க ஓடிறப் போகுது? நீங்க முதல்ல உக்காருங்க."

ரயில் வந்தது. மூட்டையும் முடிச்சுமாகக் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. பிளாட்பாரம் காலியாகிக்கொண்டே வர, இவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி வலித்தது. கடைசிப் பெட்டிப் படியில் சீருடை போட்ட ஒரு பெண், கையில் பழுப்பு உறை. நாங்கள் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று அந்த சியான் பெண் தன் மஞ்சள் கொடியையே அதில் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தாள்.

கண்டக்டர் உறையைப் பிரித்துப் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இரண்டையும் இவர் கையில் வைத்தாள். இவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "எங்க ஸைன் பண்ணணும்?" என்று தமிழிலேயே கேட்டார். அவள் சிரித்துவிட்டு வண்டியேறினாள். ரயில் போன பிறகும் இவர் பேனாவை மூடவில்லை.

தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஜுபைல் வந்து சேர்ந்தோம். அடுத்த நாள் ஆபீஸிலிருந்து ஒருவர் இக்காமாக்களோடு வந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இவர் பாஸ்போர்ட்டை உடனே நீட்டினார். நான் என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்: "இத எங்க வைப்பீங்கண்ணே?"

"டிராயர்லதாம்மா."

"சாவி யார்கிட்ட?"

"பத்து வருஷத்துல யாரும் இதக் கேட்டதில்லம்மா. கலாஸ், அவ்வளவுதான், ஸைன் பண்ணுங்க."

பண்ணினேன். அதன் பிறகு மாசத்துக்கு ஒருநாள், டூட்டிக்குக் கிளம்புகிறவரிடம், "அங்கதான் இருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்பேன். நிஜமாகவே போய்ப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "கெடக்குட்டி" என்பார்.