தாண்ட முடியாது என்பதற்கு எத்தனை சொல்

1989, நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, எலுமிச்சை சாதம் கிளறி, இரண்டு டப்பாக்களில் கட்டினேன். ஆறு இருபதுக்குப் புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்து தண்ணீரில் இறங்கினேன். என் அன்றைய டைரியில் தண்ணீரின் அளவு: "முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்."

மழை நின்று ஐந்து நாளாகியும் தண்ணீர் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. கால்வாய்க்காகத் தோண்டிய குழிகள் அப்படியே கிடந்ததால், நன்றாக விடிந்து வழி தெரிந்த பிறகுதான் இறங்க முடியும். தார் ரோடு வரை பத்து நிமிட நடை. அன்று அதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. அங்கிருந்து கம்பெனிக்கு இன்னொரு நாற்பது. ஏழரை மணி வேலைக்கு எப்படிப் போனாலும் தாமதம்தான்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. தொழிற்பேட்டையில், பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. என்னை நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று அன்று மேனேஜர் எழுதுவார். டைப்பிங்கில் அவர் குறை சொன்னதில்லை. ஆனால் லேட் ரிஜிஸ்டரில் என் பெயர் மூன்று முறை ஏறிவிட்டது. காரணத்தை அதில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும்.

முந்தின வெள்ளிக்கிழமை, 'ரோடு இம்பாஸிபிள்' என்று எழுதினேன்.

"ரோடு இம்பாஸிபிள்னா, நீங்க எப்படிம்மா இங்க வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டார் மேனேஜர். பாக்கிங் செய்துகொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள்.

சனிக்கிழமையும் வேறு சொல் கிடைக்காமல் அதையே எழுதினேன். அவர் புருவத்தைத் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை டைப்பிங் படித்த காலத்து அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். இம்பெனிட்ரபிள் என்றால் ஊடுருவ முடியாதது. காட்டுக்கும் கோட்டைச் சுவருக்கும் ஆகும். இன்ஸர்மவுண்டபிள், ஏறிக் கடக்க முடியாதது. எங்கள் தெருவில் ஏற ஒரு மேடாவது இருந்தால்தானே? இம்பர்வியஸ் எனக்குப் பழக்கமான சொல். எங்கள் வளையப் பெட்டிகளின் சீட்டில் தினமும் அடிப்பேன். தண்ணீரை விடாதது என்று பொருள். அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவும் தண்ணீரை விடாததுதான். கடைசியில் கிடைத்தது இம்பாஸபிள். தாண்ட முடியாதது. டைரியில் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். பழைய சொல்லில் 'ஸ'வின் தலையில் இருந்த ஒரு சுழி இதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமை அதை எழுதினேன்.

"வார்த்தை சரிதாம்மா. ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு," என்றார் மேனேஜர்.

செவ்வாய்க்கிழமை தண்ணீரில் எனக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர்.

"இன்னாக்கா, இன்னிக்கு இன்னா இங்கிலீஷ் எய்தப் போற?"

"தாண்ட முடியாதுன்னு எழுதினேன். அதுக்கும் கேள்வி கேக்கறாரு."

"கேக்காம? நான் சைக்கிளத் தூக்கிகினு போறேன், நீ புடவையத் தூக்கிகினு வர்ற. டெய்லி தாண்டிகினுதானே கீறோம்! லேட்டா தாண்டுனேன்னு எய்துக்கா. அத்த வுட்டுட்டு..."

அகராதியில் தாண்ட முடியாததற்கு இத்தனை சொல் இருக்கிறது. தாண்டலாம், ஆனால் நாற்பது நிமிடம் ஆகும் என்பதற்கு ஒன்றுகூட நான் பார்க்கவில்லை. அன்று ரிஜிஸ்டரில் எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன இங்கிலீஷ் சொற்களாகவே எழுதினேன்: தெருவில் தண்ணீர். பத்து நிமிட வழிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. தாண்டி வந்தேன்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "நாப்பதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

பையிலிருந்து டைரியை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளி, முழங்காலுக்கு மேல் நான்கு விரல், ஐம்பத்தைந்து நிமிடம். சனி, மேல் இரண்டு விரல், ஐம்பது. திங்கள், கீழ் இரண்டு விரல், நாற்பத்தைந்து. வளையங்களின் அளவுச் சீட்டைப் பார்ப்பதுபோல விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு விரல் இறங்குது. கணுக்காலுக்கு வர எத்தனை நாள் ஆகும்?"

"மறுபடி மழை வரலேன்னா எட்டு நாள், சார்."

"அதுவரைக்கும் எட்டு மணிக்கு வாங்க. சாயந்திரம் அரை மணி கூட இருந்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை நான் எழுதறதுல இந்த லேட்டெல்லாம் வராது." டைரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆனா தினமும் அளவு எனக்கு வந்தாகணும்," என்றார்.

வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்கி எழுதினார். அந்த லேட் ரிஜிஸ்டர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. காரணத்தைத் தமிழிலும் எழுதலாம் என்று முதல் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை காலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வாசலுக்குப் போய் ஒரு காலை மட்டும் தண்ணீரில் இறக்கி அளந்தேன். முழங்காலுக்குக் கீழே ஆறு விரல்.