மடை அடைத்திருந்த நாள்

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மருமகன் போன் செய்தான். "மாமா, நயினார் அண்ணாச்சி போயிட்டாரு. தூக்கதுக்கு ஆளு தேறாது போல. நீங்களாவது வந்திருங்க." சேரன்மகாதேவிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கால்வாய் மடையை நாற்பது வருடம் திறந்து அடைத்தவருக்கு நாலு தோள் கிடைக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி மண்வெட்டியோடு கரையில் நடந்தால் தாமிரபரணி எழுந்து நின்று வணக்கம் வைக்கும். ஒரு கொசு நாக்கை நனைக்க நினைத்தாலும் அவரிடம் முறை கேட்க வேண்டும். யாராவது அவசரப்பட்டால், "தண்ணி எங்கயும் ஓடிராதுவே" என்பார். ஓடுகிற தண்ணீரைப் பற்றி அப்படிச் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் துணிச்சல்.

எழுதுவது மட்டும் அவருக்கு ஆகாது. அறுப்பு நேரத்தில் வயல் ஈரமாக இருந்தால் மெஷின் சேற்றில் இறங்கிவிடும். அதனால் ஒரு நாள் மடையை அடைக்கச் சொல்லி அவரிடம் கேட்போம். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைக்காரர்களுக்குத் தெரிந்தால் வெட்டுக்குத்து. ஆகவே கேட்பதும் வாய்ச்சொல், அடைப்பதும் வாய்ச்சொல், பதிவேட்டில் ஏறாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படிக் கேட்டவன் நான். அறுப்புக்கு முந்தின மத்தியானமே அடைத்துவிட்டார்.

அப்போது ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. மேற்கே கால்வாய்க் கரைத் தென்னந்தோப்பில் சடைமுடி வளர்த்த இருபது பேர், பாதி வெளிநாட்டார், பாதி வடக்கத்தியார், கூட்டாகச் சமைத்து, கூட்டாகப் பாடி, ஆணும் பெண்ணும் ஒரே துறையில் குளித்து வாழ்ந்தார்கள். கஞ்சா என்றார்கள், நரபலி என்றார்கள். அவர்கள் பாம்பை அவித்துத் தின்பதாக ஒரு டீக்கடையையே நம்பவைத்த பெருமை என்னுடையது. தோப்பைக் காலி செய்யச் சொல்லி முன்னால் நின்றவர் நிலத் தரகர் செல்லப்பா. அறுப்பன்று காலை, ஊர்ப் படித்துறைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் அவர் தலை உடைந்து செத்துக் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவரோடு சண்டை போட்ட யோனாஸ் என்ற தோப்புக்காரனைப் பிடித்தார்கள். ராத்திரி தோப்புத் துறையில் அடித்துப் போட்டான், உடல் கால்வாயோடு மிதந்து வந்தது என்று வழக்கு.

மடை அடைத்து வறண்ட கால்வாயில் அன்று தென்னை மட்டைகூட மிதக்காது; செல்லப்பாவோ குட்டி யானை. ஊர்ப் பக்கம்தான் யாரோ கொன்று தள்ளியிருக்க வேண்டும். ஆனால் மெஷின் கரையேறியதும், படித்துறைச் சேதி எட்டாத அண்ணாச்சி மடையைத் திறந்துவிட்டார். போலீஸ் வந்தபோது கரை முட்டத் தண்ணீர். பதிவேட்டிலும் மடை திறந்தே இருந்தது. வறண்ட கால்வாயைப் பார்த்த ஊருக்கு, விசாரணை வந்ததும் ஒரே நாளில் கண் அவிந்துபோனது.

அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். "நீரு கேட்டுத்தான் அடைச்சேன். அத மட்டும் வந்து சொல்லும்வே."

"கடைமடைக்காரன் என்னைய உரிச்சிருவான் அண்ணாச்சி. முதுகு வேற பிடிச்சிருக்கு."

"முதுகு இருந்தாத்தானவே பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோர்ட்டில் தனியாகத்தான் நின்றார். யார் சொல்லி அடைத்தீர் என்று கேட்டதற்கு, "கேட்டவரு வந்து சொல்லட்டும்" என்றார். என் பெயரை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. யோனாஸுக்கு ஆயுள் தண்டனை. தோப்பு காலியானது. ஊருக்கு எதிராகச் சாட்சி சொன்ன அண்ணாச்சி டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சும் காலியாகும்.

போன மாதம் பார்க்கப் போனேன். எலும்பும் மூச்சுமாகக் கிடந்தார். "அந்தப் பய இன்னும் உள்ள கெடக்கானேவே" என்றார்.

"மேல்கோர்ட்டுல நான் சொல்லுதேன் அண்ணாச்சி."

"சரிவே" என்று கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

அண்ணாச்சியின் காரியம் முடிந்த மறுநாள் யோனாஸின் வக்கீலைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "அடைச்சவரு இல்ல. எழுத்து இல்ல. இத்தன நாளு எங்கன இருந்தீருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. மனு போடுதேன் ஐயா, ஆனா நிக்காது" என்றார்.

நயினார் அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்திருப்பது ஓர் உண்மை. அதைச் சொல்ல இரண்டு பேர் வேண்டியிருந்தபோது ஒருவர்தான் போனார். இப்போதும் ஒருவர்தான்.