தறிக்கார அம்மணியும் சீமை நாவல் முதலாளியம்மாக்களும்

"கடையில உக்காந்தவன் சரக்கைப் பத்தி..." என்று மாமா ஏதோ சொல்வார், பேசணும் என்றாரா, பேசக்கூடாது என்றாரா, நினைவில்லை. பம்பாயிலிருந்து திரும்பி தொண்ணூறுகளில் துடியலூரில் வாடகை நூலகம் வைத்தபோது நான் பேசுகிற கட்சியில் சேர்ந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களை யாருமே தொடாததால், ஒவ்வொன்றுக்கும் தமிழில் கதைச் சுருக்கம் எழுதி அட்டைக்குள் ஒட்டினேன். வாடகை நூலகம் நடத்தி நொந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.

கடுகடு முகம்

ருக்குமணி அம்மாவுக்குக் கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு விசைத்தறி. கணவர் போனபின் தனியாக ஓட்டினார். தறிகளைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்லிக் கொழுந்தனார் அரித்துக்கொண்டிருந்தார். வாராவாரம் துடியலூரில் மகள் வீட்டுக்கு வருகிறவர், நின்றபடியே சுருக்கங்களை மட்டும் படிப்பார். துணிக்கடை நடத்தும் ஒரு கல்நெஞ்சக்காரியின் கதையைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, கடை வெச்ச பொம்பளைன்னா மூஞ்சி மட்டும் எதுக்குங்க கடுகடுன்னே இருக்குது? ஆளுக நேரத்துக்கு வரலீன்னா இதை எழுதுனவரு சிரிப்பாருங்களா?"

விற்காத தொப்பி

தொப்பிக்கடை வைத்த பெண்ணின் நாவலை ரெடிமேட் வியாபாரி பாய் ஒருவர் முழுதாகவே படித்தார். நாயகி காதலிக்கிறாள், காய்ச்சலில் படுக்கிறாள், கடையை மூடிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள். புத்தகத்தை மேசையில் வைத்து, "நானூறு பக்கம் சார், அந்தம்மா ஒரு தொப்பியாச்சும் வித்துச்சா?" என்றார். அவர் போனதும் புரட்டிப் பார்த்தேன். விற்கவில்லை.

ரோஜாச் செடி

அடுத்து ருக்குமணி அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்ததில்தான் என் புத்தி மழுங்கிவிட்டது. நாவலில் ஒரு விதவை பஞ்சாலையை மேனேஜரிடம் ஒப்படைத்து, அவரையே மணந்து, ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். வாரப்பத்திரிகைத் தொடர்கதைகள் படித்த பழக்கத்தில் கீழே 'சுபம்' என்று வேறு போட்டிருந்தேன். மூன்று வாரம் அவரைக் காணவில்லை. என் எழுத்தைப் படித்துவிட்டுக் கொழுந்தனாருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் வாரம் வந்தார். தறிகளில் பாவு நூல் மாற்றுகிற வேலையாம், நகர முடியவில்லையாம். தயங்கித் தயங்கி, "தறிகளை எழுதிக் கொடுத்துட்டீங்களாம்மா?" என்றேன்.

"ரெண்டு நாள் கரண்டு இல்லாம உக்காந்தாலே எனக்குக் கிறுக்குப் புடிக்குதுங்க. அந்தம்மா மீதிக் காலம் பூராவும் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டே இருந்துச்சுங்களா? குடுக்கறதில்லீன்னு கொழுந்தனார்கிட்ட சொல்லிப்போட்டு வந்தேனுங்க."

வியாபாரம் செய்த பெண்களையெல்லாம் கடைசி அத்தியாயத்தில் வீட்டுக்கு அனுப்பியது சீமை எழுத்தாளர்கள். அதற்குச் சுபம் போட்டது துடியலூர்க்காரன் நான்.

எல்லாச் சுருக்கங்களின் கடைசிப் பத்தியையும் அன்றே கிழித்தெடுத்தேன்.