மஞ்சளில் ஒரு துளி பச்சை

பெயின்ட் கடையில் எல்லோரும் அவளைத் துளி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக நிறம் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு துளி, ஒரே ஒரு துளி" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். பழைய சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் காட்டினால் போதும், மெஷின் திணறும் இடத்தில் இவள் கண் கணக்கைச் சொல்லிவிடும். நிறத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. பொறுமையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கொதிக்கிற டீயை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம்.

அந்த அவசரம்தான் போன வருடம் இரண்டு உயிரை வாங்கியது. கூடத்து மூலையில் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் மீனுக்கான உப்பைக் கரைத்து, அன்று சாயங்காலமே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்றை உள்ளே விட்டாள். மூன்றாம் நாள் இரண்டும் மிதந்தன. அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழ, லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்தான் சின்ன வலையால் அவற்றை எடுத்தார். "இனிமே இந்த வீட்டுல மீன் பேச்சே வேண்டாம்" என்றார். அவர் அவ்வளவு பேசியதே பெரிய விஷயம்.

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அலங்கார மீன் கடைக்காரரிடம் போய், "அண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்? மொதல்லேருந்து சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி பளிச்சுன்னு இருந்தா போதும்னு நெனச்சிட்டம்மா. மீனுக்கு முன்னாடி அங்க குடிவர வேண்டியவங்க வேற" என்றார் அவர்.

விஷயம் இதுதான். மீனின் கழிவும் மீந்த தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். அது விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா உண்டு. நைட்ரைட்டும் விஷம்தான். அதைத் தின்று நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும், தண்ணீரை மாற்றினால் குறைந்தும் விடும். இந்த இரண்டு கூட்டமும் பாறை இடுக்கிலும் மணலிலும் பெருக ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை மீனே இல்லாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தை வளர்க்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் அலுத்துப்போயிருப்பார்கள். இவளுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஏனென்றால் சோதனை முழுவதும் நிறம்! சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர், அதில் எண்ணி விட்ட மருந்துத் துளிகள். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் வான நீலம், இருந்தால் ஊதா. இரண்டாம் வாரம் ஒரு காலை குழாய் கரும்பச்சையானபோது அவள் போட்ட கூச்சலில் கணவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

"விஷம் ஏறியிருக்குங்க! நல்லா ஏறியிருக்கு!"

"அதுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்விட்டார்.

நாலாம் வாரம் பச்சை வெளுத்தது, ஊதாவும் நீலத்துக்கு இறங்கியது. மீன் கடைக்காரர் ஒரு ஜோடியைத் தனியாக எடுத்து வைத்தார். "அடுத்தடுத்து ரெண்டு காலை, அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டணும். அப்புறம் வா. ஆனா வர்ற ஞாயிறு மதியம் வரைக்கும்தான்மா. பல் டாக்டர் ஒருத்தர் அதே ஜோடிய கேட்டு உயிரெடுக்கறார்."

அங்கேதான் வண்டி நின்றது. திங்கள், செவ்வாய், புதன், எந்தக் காலையிலும் மஞ்சளில் ஒரு துளி பச்சை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை குழாயை இறுக மூடிப் பெயின்ட் கடைக்கே கொண்டுபோய் நிற அட்டையோடு வைத்துப் பார்த்தாள்.

"சுத்த எலுமிச்சை மஞ்சள். போய் மீன வாங்கு" என்றார் முதலாளி.

கை பரபரத்தது. ஒருவர் மஞ்சள் என்று சொல்லியாகிவிட்டது, போய் வாங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மிதந்த இரண்டும் கண் முன்னால் வந்தன. "இல்ல சார். ஒரு துளி பச்சை இருக்கு" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

அன்று மதியம் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தாள். கணவருக்கு அந்த வாரம் மாலை ஷிப்ட். கதவைத் திறந்தால், மனிதர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தீனி டப்பாவிலிருந்து கை நிறைய எடுத்துத் தொட்டிக்குள் தூவிக்கொண்டிருந்தார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று உபசாரம் வேறு. பதினாறு வருடக் குடித்தனத்தில் அவளை ஒரு வேளை இப்படி உபசரித்ததில்லை.

"என்னங்க பண்றீங்க!"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் ஸ்டூலிலிருந்து இறங்கக்கூட மறந்துவிட்டார்.

"இவ்ளோ பெரிய தொட்டிக்கு ஒரு சிட்டிகைதான் போடற. கோடிக்கணக்குல இருக்குன்னு நீதான் சொன்ன. பத்துமா?"

"எத்தன நாளா?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து."

போகாத பச்சை எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. அவளுக்கு வந்த கோபத்துக்கு டப்பாவைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பாள். அதற்குள் அவர் தொட்டியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "போன தடவ அதுங்கள நான்தான் எடுத்தேன். நீ பாக்கல. இந்தத் தடவ உள்ள இருக்கறது எதுவும் சாகக் கூடாதுன்னுதான்."

ஒரு வருடமாக அவர் மீனை வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு மட்டும்தான் துக்கம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. அவரைக் கைபிடித்து இறக்கி, சின்ன வலையை அவரிடமே கொடுத்தாள். இருவருமாக மிதந்த தீனியை அள்ளினார்கள்.

வெள்ளி காலை இன்னும் ஒரு துளி பச்சை. சனி காலை மஞ்சள், நீலம். அன்று சாயங்காலம் முன்கூட்டியே உப்பு கரைத்து வைத்திருந்த புதுத் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றினார்கள். வாளி தூக்கியது அவர், மேற்பார்வை இவள்.

ஞாயிறு காலை குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மஞ்சளா?" என்றார் கணவர்.

"மஞ்சள்."

"முழுசாவா?"

"முழுசா!" என்று அவள் கத்தியது எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். செருப்பு மாட்டக்கூடப் பொறுமையில்லாமல் படியிறங்கியவளை, செருப்போடு துரத்திப் பிடித்தார்.

பதினோரு மணிக்கு ஜோடி வீட்டுக்கு வந்தது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டுப் பழக்கினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அவசரப்படுத்தாமல் முழு நேரமும் உட்கார்ந்திருந்தாள், பெயின்ட் கடையில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு வலையால் ஏந்தி உள்ளே விட்டதும், பெரியது முன்னால் போக, சின்னது அதன் வாலைத் தொட்டுக்கொண்டே பாறையைச் சுற்றியது.

நாலாம் நாள் விடிந்ததும் இருவரும் ஒன்றாகத்தான் கூடத்துக்கு வந்தார்கள். போன தடவை மூன்றாம் நாளோடு எல்லாம் முடிந்துபோயிருந்தது. தொட்டி விளக்கைப் போட்டாள். பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டும் விழுந்தடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கணவர் தீனி டப்பாவை எடுத்தார். திறந்தார். ஒரே ஒரு சிட்டிகை எடுத்து, விரலைத் தண்ணீருக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இப்ப போடலாமா?"

"போடுங்க" என்றாள் துளி.