கூரையில் விளக்கு எரிந்தால் ஆம்புலன்ஸ்

செய்தி வந்தபோது நான் ஒரு லோரியின் கூரைமேல் உட்கார்ந்து துளை போட்டுக்கொண்டிருந்தேன். சங்கத்து மணியம் அண்ணன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். டிரில்லை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"தம்பி, ஸ்டெல்லா செத்துப் போயிட்டாப்பா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. நம்ம வேன்லதான் ஏத்திட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தா. உள்ள கொண்டு போனாங்க, அவ்வளவுதான். நீ கொஞ்சம் வாரியா? மேல சிவப்பு லைட் இருக்கு. அவதான் எப்பவும் கழட்டுவா. எனக்குத் தெரியாது."

இரண்டு தடவை கேட்டேன். பிறகு பாதியில் நின்ற துளையை முடித்து, ரப்பர் வளையம் மாட்டி, சிலிகான் பூசிவிட்டுத்தான் இறங்கினேன். துளையைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். அப்படி விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் ஸ்டெல்லா அக்கா என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் சிறு புத்தகத்தில் அவரைப் பற்றி எழுதும்படி சங்கத் தலைவர் கேட்டார். "நீதானே அவகூட எப்பப் பார்த்தாலும் சண்டை போட்டுக்கிட்டு இருப்ப. நீ எழுதுனா பொய் இருக்காது" என்றார். எனக்கு உருகி எழுத வராது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், அதன் பிறகு நான்கு இடங்களில் வேலையை விட்டவன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஈப்போவில் எங்கள் புந்தோங்கில் இருப்பவர்களுக்குப் பாதிக் கதை தெரியும்.

நோய்க்கும் சாவுக்கும் வண்டி கொடுத்து உதவும் எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு வெள்ளை வேன். அதை அக்கா ஓட்டினார். அதற்கு முன் பத்து வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஆள் குள்ளம். ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொள்வார். இரண்டு வருடங்களுக்கு முன் நான் வேலை செய்யும் கடைக்கு அந்த வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இங்க பாரு. ஒரே வேன், மூணு வேலை. சீக்காளிய ஏத்துனா சிவப்பு லைட். கோயில் தேருக்கோ மாதா தேருக்கோ முன்னால போனா மஞ்ச லைட். சவம் எடுத்தா மேல ஒண்ணுமே இருக்கக் கூடாது. நான் ஒருத்தியா அஞ்சு நிமிசத்துல மாத்தணும். முடியுமா?"

"எதுக்குக்கா கழட்டுறீங்க? சவம் எடுக்குறப்ப சுவிட்ச அடைச்சுப் போடுங்க. லைட் பாட்டுக்கு மேல இருக்கட்டும்."

"நீ எந்த ஊரு?"

"கோப்பெங்."

"உங்க ஊர்ல சீக்காளிங்க சவ வண்டியில ஏறுவாங்களா?"

அவரே சொன்னார். புந்தோங்கில் ஒரு சந்தில் திங்கட்கிழமை ஒரு சவம் எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். அதே வேன் போய் நின்றதும் அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டார். மூன்று பேர் இழுத்தும் கையை எடுக்கவில்லை.

"வேற வண்டி பிடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார் அக்கா. "அப்புறம் அதே வேன்லதான் கொண்டு போனோம். மேல அதே லைட்டு. அன்னைக்கு முடிவு பண்ணேன். பார்த்தவொடனே தெரியணும், இது எந்த வண்டின்னு."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். பயந்தவர் எவரும் அந்த வேனின் கதவில் நின்று திரும்பிப் போகக் கூடாது.

வேலை சுவாரசியமான வேலை. கூரையில் குறுக்கே இரண்டு தண்டு போட்டேன். இரண்டு லைட் பாருக்கும் ஒரே மாதிரிக் கால், கையால் திருகும் நான்கு நட்டு. கூரை நடுவில் ஒரே ஒரு பிளக். எந்த லைட்டை மாட்டினாலும் அதே பிளக்கில் செருகினால் போதும், உள்ளே அதே சுவிட்ச் வேலை செய்யும். சிவப்பு லைட்டில் சைரனுக்கு ஒரு கம்பி கூடுதல். மஞ்சள் லைட்டில் அந்தக் கம்பியை இணைக்காமல் விட்டேன். மாதா தேருக்கு முன்னால் சைரன் அலறினால் பங்குச் சாமியார் என்னைத்தான் தேடுவார். அக்கா குள்ளம் என்பதால், ஏணியில் நின்றபடியே செருக வசதியாக பிளக்கை வானத்தைப் பார்த்து நிறுத்தி வைத்தேன். மூடுவதற்கு ரப்பர் மூடி. பார்க்க அழகாக இருந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து வேன் கடைப்பக்கம் வந்தது. கூரையில் லைட் இல்லை. சவம் எடுத்துவிட்டுத் திரும்பும் வழி. என் பிளக்கின் தலையில் தே ஐஸ் என்னும் குளிர்ந்த பால்தேநீரைத் தாப்பாவ் பண்ணிக் கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று கவிழ்த்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. பையின் அடியில் இன்னும் கொஞ்சம் பால் நிறம்.

"என்னக்கா இது? அசிங்கமா இருக்கு."

"மழை வரும்லா."

"அதுக்குத்தான் மூடி போட்டிருக்கேன். நல்ல சாமான். தண்ணி போகாது."

"உன் மூடி ரப்பரு. நான் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. வெயில்ல ரப்பர் என்னாகும்னு எனக்குத் தெரியாதா? பை கட்டுனா உனக்கு என்ன கொறையுது, அரை இன்ஜினியரு?"

படிப்பைப் பாதியில் விட்டதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பெயர்தான். கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம். ஏறி அந்தப் பையைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். "என் வேலைக்கு மேல பை கட்டுனா அடுத்த தடவ வேற கடைக்குப் போங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். பையை எடுக்கவில்லை. அதன் பிறகு கட்டவும் இல்லை. நான் சொன்னதைக் கேட்டார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என்னுடையது.

அடுத்த மாதம் ஒருநாள் காலையில் அழைத்தார். "உங்க ஊர்ப் பக்கம் ஒரு தோட்டம். உள்ள எனக்கு வழி தெரியாது. முன்னால ஏறிக்க." ரப்பர் எல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து வரிசையில் ஏழெட்டு வீடுகள் மிச்சம். முத்தையா தாத்தாவுக்குச் சர்க்கரைப் புண், கால் வீங்கி, இரண்டு நாளாகக் காய்ச்சல். அவர் மகள்தான் சங்கத்துக்குப் போன் செய்தவர்.

முந்தின நாள் வேன் சவத்துக்குப் போயிருந்தது. போன நேரம் முழுக்க மழை. அன்று காலை அக்கா சிவப்பு லைட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். லயத்துக்குள் நுழையும்போது சுவிட்சைத் தட்டினார். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். விளக்கும் இல்லை, சைரனும் இல்லை.

தாத்தா வாசற்படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பொணம் தூக்குற வண்டி" என்றார்.

"இல்ல தாத்தா, மேல பாருங்க, லைட் இருக்கு" என்றேன்.

"இருக்கு. எரியுதா? எரிஞ்சாத்தான் ஆம்புலன்ஸுன்னு எல்லாரும் சொல்றாங்க. சும்மா ஒண்ண மேல வச்சு ஏமாத்துறீங்க. நான் இன்னும் சாகலடா."

"அப்பா, காலு அழுகிப் போச்சுப்பா, ஏறுப்பா" என்று மகள் அழுதார். அவர் அசையவில்லை. படியோரத் தூணைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டார்.

நான் கூரைமேல் ஏறினேன். பிளக்கைப் பிடுங்கினேன். கோப்பையைக் கவிழ்த்ததுபோல் அதிலிருந்து தண்ணீர் ஊற்றியது. வெயிலில் மூடி வெடித்திருந்தது. வானத்தைப் பார்த்து நான் நிறுத்திய பிளக் மழையை நன்றாக வாங்கி வைத்திருந்தது. சட்டையால் துடைத்துவிட்டு, கீழே வந்து புது ஃபியூஸ் போட்டேன். அதுவும் போனது. அக்கா கீழே நின்று அந்தத் தண்ணீர் கூரையிலிருந்து வழிவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வேனின் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தார். செருப்பைக் கழற்றினார். அதன்மேல் ஏறி மல்லாந்து படுத்து, கையை நெஞ்சின்மேல் கட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் அலறிவிட்டார். "ஐயோ, என்னக்கா பண்றீங்க!"

பத்து எண்ணும் நேரம் அப்படியே கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா தாத்தா? படுத்தேன், எந்திரிச்சேன். நீங்களும் படுங்க, எந்திரிப்பீங்க."

தாத்தா யோசித்தார். "நீ சிலுவை போட்டிருக்க. உங்க ஆளு மூணாம் நாளு எந்திரிச்சாரு. அதுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"அவருக்கு மூணு நாள் ஆச்சு தாத்தா. நான் அரை நிமிசத்துல எந்திரிச்சேன்ல? வேகமான வண்டி இது. ஏறுங்க."

காய்ச்சலோடு அவர் சிரித்தார். சிரித்தபோது தூணிலிருந்து கை தளர்ந்தது. நாங்கள் இருவரும் தூக்கிவிட்டோம்.

ஈப்போ வரைக்கும் அக்கா ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினார். தலையணை உறையைப் பிடுங்கி என்னிடம் எறிந்தார். சிவப்புத் துணி. "சன்னலுக்கு வெளிய பிடிச்சு ஆட்டு. உன் லைட்டுக்குப் பதிலா நீ எரி." ஆஸ்பத்திரி வரை ஆட்டிக்கொண்டே போனேன். கை இரண்டு நாள் வலித்தது. தாத்தாவுக்கு இரண்டு விரல் போனது. ஆள் இருக்கிறார். அக்காவின் அடக்கத்துக்கும் வந்திருந்தார்.

திரும்பி வரும்போதுதான் அக்கா கேட்டார். "பை எங்க?"

"அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்."

"சரி."

திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், வேலையையும் விட்டிருப்பேன். மறுநாள் பிளக்கைப் படுக்க வைத்து, வாய் பின்பக்கம் பார்க்கும்படி மாற்றினேன். கம்பியைக் கீழே வளைத்து, தண்ணீர் சொட்டி விழும்படி விட்டேன். புது மூடியும் போட்டேன். இனி பை தேவையில்லை. அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, கியர் கம்பியில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டில் ஒன்றை உருவிக்கொண்டு ஏணியில் ஏறி, பை கட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

இனி அக்கா போன அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வேன் நின்றது. தலைவர், மணியம் அண்ணன், அக்காவின் தங்கை ரோஸி, இன்னும் சிலர். காலையில் அவரை ஏற்றி வந்த சிவப்பு லைட் அப்படியே மேலே இருந்தது. நான் ஏணியை எடுத்தேன். தலைவர் தடுத்தார்.

"இருக்கட்டும்டா. எத்தனை பேர காப்பாத்துன பொண்ணு. லைட்டோட போகட்டும். புந்தோங் முழுக்க ஒரு சுத்து, சைரன் போட்டு. அதுதான் மரியாதை."

மணியம் அண்ணனும் தலையாட்டினார். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு நிமிடம் எனக்கும்.

"வேணாம்" என்றேன். "கழட்டணும்."

"நீ யாருடா சொல்றதுக்கு? வயரு இழுத்தவன்தானே?"

"ஆமா, வயரு இழுத்தவன்தான். இன்னைக்குச் சிவப்பு லைட்டுக்குக் கீழ சவம் போகுது. எல்லாரும் வாசல்ல நின்னு பார்ப்பாங்க. நாளைக்கு யாருக்காவது மூச்சு முட்டுனா, அந்த லைட்ட நம்பி ஏறுவாங்களா? ரெண்டு வருசமா அவங்க இறங்கி ஏறி மாத்துனது எதுக்கு?"

கத்திவிட்டேன். பிண அறை வாசலில் கத்தக் கூடாதுதான். தலைவர் முகம் சிவந்து அடுத்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ரோஸி பேசினார்.

"கழட்டு தம்பி. அவ இருந்திருந்தா உங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுத் திட்டியிருப்பா."

ஏறினேன். நான்கு நட்டு, ஒரு பிளக். மூன்று நிமிடம். லைட்டை மணியம் அண்ணனிடம் கீழே கொடுத்தேன். பிளக்கின் மூடியை அழுத்தினேன். சரியாகப் பொருந்தியது. தண்ணீர் புக வழியே இல்லை. இறங்கப் போனவன், நின்று, முன்சீட் பெட்டியில் ஒரு பை இருக்கும், எடுத்துத் தாருங்கள் என்றேன். இருந்தது. கழுவிக் காயவைத்து மடித்த பை. கியர் கம்பியிலிருந்து ஒரு ரப்பர் பேண்ட். கட்டினேன்.

"அது எதுக்குலா?" என்று கீழேயிருந்து தலைவர் கேட்டார்.

"மழை வரும்."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. வேன் வீட்டுக்குப் போனது. மறுநாள் மாதா கோயிலுக்கும், அங்கிருந்து கல்லறைக்கும் போனது. கூரையில் ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை. சந்துகளில் இருந்தவர்கள் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், சிலுவை போட்டவர்கள் போட்டார்கள், கும்பிட்டவர்கள் கும்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மணியம் அண்ணன் அழைத்தார். புந்தோங்கில் ஒரு அம்மாவுக்கு ஆஸ்துமா. நான் போய்ப் பையை அவிழ்த்து, சிவப்பு லைட்டை மாட்டி, அவரோடு போனேன். அந்த அம்மா முந்தின நாள் இதே வேனுக்குப் பின்னால் கல்லறை வரைக்கும் நடந்தவர். நான் பார்த்திருந்தேன். வாசலுக்கு வந்து, இரைத்துக்கொண்டே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, தானே ஏறி உட்கார்ந்தார்.

அக்காவின் கியர் கம்பியிலிருந்து ஒரு ரப்பர் பேண்ட் நான் எடுத்து வைத்திருக்கிறேன். ரோஸி அக்காவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அது இப்போது என் டிரில் பெட்டிக்குள் கிடக்கிறது. கூரை வேலை எதை முடித்தாலும், மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன்மேல் ஒரு பை கட்டிவிட்டுத்தான் இறங்குகிறேன். வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். முதலாளி, என்னடா அசிங்கம் என்கிறார்.

மழை வரும் என்கிறேன்.