மலைப்பக்கம் ஸ்டார்போர்டு

2001ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாரிமுனையில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். சுமார் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஐம்பத்தெட்டு ரூபாய் டிக்கெட். பக்கத்து இருக்கை அம்மாள், நான் தனியாக வருவதைப் பார்த்து, "கிரிவலத்துக்கா?" என்றார். "இல்லைங்க, கப்பல் வேலையா போறேன்" என்றேன். என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் வேலையாகப் போகிறவளிடம் எதற்கு வீண் பேச்சு என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் மேல் தப்பில்லை. சரக்குக் கப்பல்களுக்கு மாலுமிகளை எங்கள் சென்னை அலுவலகம் தானாகத் தேடுவதில்லை. அங்கங்கே இருக்கும் ஏஜென்சிகள் ஆள் எடுத்து அனுப்பும். அந்த ஏஜென்சிகளை மேய்ப்பதுதான் என் வேலை. கொஞ்சம் கண்ணயர்ந்தால் வேலி தாண்டிவிடுவார்கள். சமையல்காரரை வெல்டர் என்று அனுப்பியவரைப் பார்த்திருக்கிறேன். அண்ணனுடைய சான்றிதழில் தம்பியைக் கப்பலேற்றியவரையும் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை புகார் வேறு மாதிரி. முந்தின நாள் கொழும்பிலிருந்து ஒரு கேப்டன் போனில் பொரிந்து தள்ளினார். திருவண்ணாமலை ஏஜென்சி அனுப்பிய ஏழுமலை என்ற இளைஞன் அவர் கப்பலில் சுக்கான் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். கப்பலில் வலது பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பெயர், இடது பக்கத்துக்குப் போர்ட். "ஸ்டார்போர்டு பத்து", அதாவது வலது பக்கம் பத்து டிகிரி, என்று கேப்டன் உத்தரவிட்டால், சுக்கான் பிடிப்பவன் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஏழுமலையோ "மலை பத்து, சார்" என்கிறானாம். தன் பெயரைத்தான் பாதியாகச் சொல்கிறான் என்று கேப்டன் முதலில் விட்டுவிட்டார். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையும்போது "மலை பத்து" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் திருப்பிவிட்டான். பக்கத்தில் நின்ற அதிகாரி சக்கரத்தைப் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை கப்பல் கிளம்புகிறது. அதற்குள் நான் தக்க காரணம் சொல்லாவிட்டால் அவனை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார் கேப்டன். முதல் கப்பலிலேயே 'லாயக்கில்லை' என்று இறக்கப்பட்டவனை அப்புறம் எந்தக் கம்பெனியும் தொடாது. இதுதான் ஏழுமலைக்கு முதல் கப்பல்.

கீழ்பென்னாத்தூரிலேயே மலை கண்ணில் பட்டுவிட்டது. பதினொன்றரைக்குத் திருவண்ணாமலையில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் முகவரியைக் காட்டினேன். "கப்பல்காரர் ஆபீஸுங்களா? பதினஞ்சு ரூபா குடுங்க. ஊர்ல யாருக்குத் தெரியாது?" என்றார். பாத்திரக்கடை மாடியில் அலுவலகம். நடத்துபவர் தனசேகர், ஐம்பது வயது. ராயபுரத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் கப்பலில் சமையல் செய்துவிட்டு, மனைவியின் ஊரான இங்கே வந்து குடியேறியவர். நான் வாயைத் திறப்பதற்குள் சாம்பார் சாதத்தை நீட்டிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டே யார் மேல் கோபப்படுவது?

கோப்புகளைத் துருவினேன். எல்லாம் சுத்தம். குற்றம் கண்டுபிடிக்க வந்தவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டேன்: "ஏழுமலை எதுக்குங்க 'மலை'ன்னு சொல்றார்?"

தனசேகர் முகம் மலர்ந்தது. "நாந்தாங்க சொல்லிக் குடுத்தேன்! பயிற்சிப் பள்ளியில படிச்சுட்டுதான் வர்றாங்க. ஆனா பதட்டத்துல ஸ்டார்போர்டு எது, போர்ட் எதுன்னு கொழம்பிடுவாங்க. கிரிவலம் போறப்ப மலை எந்தப் பக்கம் இருக்கு? வலது பக்கம். பேர்லயே வலம் இருக்குதுங்களே! ஸ்டார்போர்டுன்னா மலைப்பக்கம். ஆயுசுக்கும் மறக்காது."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்த நான்கு பேரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "ஸ்டார்போர்டு" என்றேன். மூன்று பேர் டக்கென்று வலது கையை நீட்டினார்கள். நான்காமவன் குமரேசன் மட்டும் விழித்தான்.

"என்னப்பா?"

"மலைப்பக்கம்தான் மேடம். போறப்பவா, வர்றப்பவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனசேகருக்குக் கோபம். "போறதென்ன, வர்றதென்ன? மலை எப்பவும் வலது பக்கம்தான்டா!"

"நீ எந்த ஊர்?" என்று குமரேசனைக் கேட்டேன்.

"அடி அண்ணாமலை மேடம். ஏழுமலைக்குப் பக்கத்து வீடு."

உடனே ஓர் ஆட்டோ பிடித்து, தனசேகரையும் ஏற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்குக் கிளம்பினேன். போகவர நூறு ரூபாய். துறைமுகத்தில் நடந்ததையும் கேப்டன் விதித்த கெடுவையும் வழியில் அவரிடம் சொன்னேன். அந்த ஊர் கிரிவலப் பாதையில் மலைக்குப் பின்புறம் இருக்கிறது. நகரத்திலிருந்து காஞ்சி சாலை வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அது கிரிவலம் வருகிறவர்களுக்கு எதிர்த் திசை. ஊர் தாண்டியதும் மலை எங்களோடு வர ஆரம்பித்தது. இடது பக்கத்தில்.

தனசேகர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "பத்து வருஷமா பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுத்தறேங்க. இப்படி எதிர்ல வந்ததே இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயய்யோ! இந்தப் பசங்களுக்கு டவுனுக்குப் போறப்ப மலை வலது பக்கம், வீட்டுக்குத் திரும்பறப்ப இடது பக்கம். கப்பலும் அன்னிக்கு உள்ள திரும்பி வந்துகிட்டு இருந்துச்சே!"

அடி அண்ணாமலையில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரர் தனசேகரைப் பார்த்ததும் பெஞ்சைத் துண்டால் தட்டினார். அவர்தான் ஏழுமலையின் அப்பா. நான் யார் என்று தெரிந்ததும் டீயில் சர்க்கரை ஜாஸ்தி விழுந்தது, காசு வாங்க மறுத்துவிட்டார். "பையன் எப்படி இருக்கான் மேடம்? நல்லா இருக்கானா?" என்றார். "நல்லா இருக்கார்" என்றேன். பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் தனசேகரிடம் கேட்டேன்: "உங்க ஊர்ப் பக்கமெல்லாம் சோத்தாங்கைப் பக்கம்னுதானே வழி சொல்வாங்க? அதையே சொல்லிக் கொடுத்திருக்கலாமே?"

அவர் நெளிந்தார். "யோசிச்சேங்க. வலதுக்குச் சோத்தாங்கைனா இடதுக்குப் பீச்சாங்கைனு சொல்லணுமே. கேப்டன் முன்னாடி நின்னு 'பீச்சாங்கை பத்து, சார்'னா நல்லாவா இருக்கும்?" பிறகு குரல் இறங்கியது. "தப்பு என்னுதுங்க மேடம். வேணும்னா ஏஜென்சியை நிறுத்திடுங்க. பையனை எறக்கிட வேணாம்னு சொல்லுங்க."

எத்தனையோ ஏஜென்சிக்காரர்கள் பையன் மேல் பழியைப் போட்டுத் தாங்கள் நழுவியதைப் பார்த்தவள் நான். இவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மாலை ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து கொழும்புக்குப் பேசினேன். கேப்டனுக்கு மலையையும் கிரிவலத்தையும் காஞ்சி சாலையையும் விளக்குவதற்குள் மீட்டர் எங்கேயோ போய்விட்டது. கடைசியில் அவர் ஏழுமலையைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார்.

"ஏழுமலை, ஸ்டார்போர்டுன்னா எது?"

"மலைப்பக்கம் மேடம்."

"கடல்ல ஏதுப்பா மலை?"

"அதைத்தான் மேடம் நானும் வந்ததுலேர்ந்து தேடிட்டிருக்கேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீ எந்தக் கையால சாப்பிடுவ?" என்றேன். "வலது கை... சோத்தாங்கை..." என்று இழுத்தான். பிறகு, "அவ்ளோதானா மேடம்?" என்றான். கேப்டன் போனை வாங்கினார். காலையில் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது சக்கரத்தை இவனிடமே கொடுப்பதாகவும், ஒரு தடவை தப்பாகத் திருப்பினாலும், வழிகாட்ட வரும் துறைமுகப் படகிலேயே கரைக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

இரவு லாட்ஜில் தங்கினேன். அறை நூற்றி இருபது ரூபாய். சென்னையில் எனக்கு வழி சொல்பவர்கள் சிக்னலையும் பாலத்தையும் சொல்வார்கள். போன வருஷம் இருந்த அடையாளம் இந்த வருஷம் இருக்காது. இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே அடையாளம், அதுவும் அசையாதது. அதை வைத்துப் பாடம் நடத்த ஆசைப்பட்டவரை எப்படிக் குறை சொல்வது?

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அதே பூத்திலிருந்து அலுவலகத்துக்குப் பேசினேன். தனசேகர் முகம்கூடக் கழுவாமல் வந்து பக்கத்தில் நின்றார். கப்பலிலிருந்து தகவல் வந்திருந்தது. ஏழுமலை எல்லா உத்தரவுக்கும் சரியாகத் திருப்பினானாம், அவன் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத் தொடுமுன் வலது கையை வாய்வரை கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறான், இது எத்தனை நாளைக்கு என்று கேட்டிருந்தார் கேப்டன்.

சொன்னேன். தனசேகர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. "அந்த நாலு பேரையும் அனுப்புங்க. குமரேசனுக்கு மட்டும் முதல்ல பாடத்தை மாத்துங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு பூத்துக்குள் நுழைந்து, அடி அண்ணாமலை டீக்கடைக்குப் போன் போட்டார். சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் கால் வைத்தபோது அவர் குரல் எனக்குக் கேட்டது.

"விசேஷம் ஒண்ணும் இல்லண்ணே. பையன் நல்லா இருக்கான்... ஆமா, மேடம் நேத்தே சொன்னாங்க. இன்னிக்கு நான் சொல்றேன், நல்லா இருக்கான்."