ஃபிரீசருக்கு வைத்த பொட்டு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் விஷயத்தில் பிழை இல்லை.

நேற்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்குப் பிரிவு உபசார விழா. பாளையங்கோட்டையில் நாய்களின் குடற்புழுவை ஆராயும் கூடம் அது. நான் அங்கே உதவியாள். மேடையில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இங்கன ஒரு ஆளு ஆயுத பூசைக்கு ஃபிரீசரையே அணைச்சுப் பொட்டு வச்சுட்டான். புழுவுக்கும் லீவு குடுத்தவன்யா அவன்!” கூட்டம் கைதட்டியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

அணைத்தது நான் இல்லை.

ஐந்து வருடம் முன்பு அங்கே ஆராய்ச்சி மாணவி ஒருவர் இருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர். மருந்து கொடுத்த நாய்க்குட்டிகள் வெளியே தள்ளும் உருண்டைப் புழுக்கள் வெந்த சேமியா போல் கிடக்கும். நான் உப்புத் தண்ணீரில் அலசிக் கொடுப்பேன். அவர் ஐஸில் வைத்து அரைத்து, புரதத்தைப் பிரித்து, சின்னக் குழாய்களில் அடைத்து ஃபிரீசரில் வைப்பார். “சரியான புரதத்தைக் கண்டுபிடிச்சுட்டா, ஒரு சொட்டு ரத்தத்துலயே நாய்க்குப் புழு இருக்கான்னு சொல்லிரலாம் அண்ணே” என்பார். குளிர் விட்டால் எல்லாம் கெட்டுவிடும். கரண்டு போனால் அவரே ஐஸ் வாங்க ஓடுவார்.

அந்த ஆயுத பூசைக்கு அவர் ஊருக்குப் போயிருந்தார். நான் வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மிஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டுத் தலைவர் விரலில் சந்தனத்தோடு வெளியே வந்தார். “மிஷினும் மனுசன் மாதிரிதாம்லே. ரெண்டு நாள் கிடந்து தூங்கட்டும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிட்டேன்” என்றார். அந்த ‘எல்லா’வில் ஃபிரீசரும் உண்டு என்று நான் எதைக் கண்டேன்? கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

லீவு முடிந்து அவரே திறந்தார். தரையெல்லாம் தண்ணீர், குமட்டும் நாற்றம். மாணவி ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி நின்றார். இரண்டு வருட வேலை.

“ஏலே, எந்தக் கூறுகெட்ட பய பிளக்கைப் பிடுங்குனது?” என்று தலைவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

“சார், அன்னைக்கு நீங்கதான...”

“எதுத்தாலே பேசுத? நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேண்டாமா?”

நான் குனிந்து தரைத் தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினேன். மாணவி என் பக்கம் திரும்பினார். “பூசைன்னா எதையும் பாக்காம அணைச்சிருவியளா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அண்ணே?” என்று அழுதார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்க அவருடைய உதவித்தொகைக் காலம் போதவில்லை. படிப்பை விட்டுவிட்டுத் திசையன்விளையில் டீச்சர் வேலைக்குப் போய்விட்டார். நேற்று விழாவுக்கு வந்திருந்தார். அந்தப் பேச்சுக்கு அவர் சிரிக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டு, அதையே வேடிக்கைக் கதையாக்கி, மாலையும் வாங்கிக்கொண்டு போகிறார் அந்த மனிதர். ஊர் என்னைக் கூறுகெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த அம்மா அப்படி நினைக்கக் கூடாது. யாருக்கென்று இல்லாமல்தான் எழுத உட்கார்ந்தேன்; ஞாயிற்றுக்கிழமை திசையன்விளைக்குப் பஸ் ஏறிப் போய் இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுவேன். நின்று பேச என்னால் முடியாது. படித்தால் போதும்.

1998 ஜூலை 1, புதன்கிழமை.